ஹீட் பம்ப் வீட்டில் தெர்மோஸ்டாட் மாற்றுவது எப்படி: கடைசியில் வெளியே போய்ப் பாருங்கள்

அமெரிக்காவில் நாங்கள் வாங்கிய முதல் வீடு வட கரோலினாவில், ராலேக்குப் பக்கத்தில் கேரியில் இருந்தது. குடிபோன டிசம்பரிலேயே, ஹீட்டையும் ஏசியையும் இயக்கச் சுவரில் இருந்த பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, தள்ளுபடியில் கிடைத்த வைஃபை தெர்மோஸ்டாட் ஒன்றை மாட்டினேன். முக்கால் மணி நேர வேலை. 70 டிகிரி ஃபாரன்ஹீட் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வீடு கதகதப்பாகிவிட்டது. எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கவேண்டிய காசு மிச்சம் என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

ஜனவரிக் கடைசியில் கரண்ட் பில் வந்தது. நான் எதிர்பார்த்த தொகையின் இரண்டரை மடங்கு. எங்கேயாவது ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கிறதா என்று பார்க்க வீட்டைச் சுற்றி வந்தபோதுதான் கவனித்தேன்: வெளியே நிற்கும் யூனிட்டின் மேல் வலையில் ஓக் மரத்து இலைகள் கலையாமல் அப்படியே படிந்து கிடந்தன. விசிறி ஒரு மாதமாகச் சுற்றவே இல்லை.

வயர்களில் தப்பில்லை. செட்டப் செய்யும்போது திரையில் வந்த ஒரு கேள்விக்கு, 'ஹீட் பம்ப்' என்று சொல்வதற்குப் பதிலாக 'எலக்ட்ரிக் ஃபர்னஸ்' (கரண்டில் கம்பியைக் காய்ச்சிக் காற்றைச் சூடாக்கும் அடுப்பு) என்று சொல்லிவிட்டேன். வீடு சூடானது உண்மை. எதனால் சூடானது என்று நான் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்லப்போவது அதைத்தான். கழற்றுவதும் மாட்டுவதும் யாருக்கும் வரும்.

உங்கள் வீட்டில் இருப்பது என்ன?

ஊரில் இருக்கும் ஸ்ப்ளிட் ஏசியை நினைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுவதுதான் அதன் வேலை. மொட்டை மாடியில் நிற்கும் வெளி யூனிட் பக்கம் போனால் முகத்தில் அனல் அடிக்கும். அதையே திருப்பி ஓட்டினால் வெளியே இருக்கும் வெப்பத்தை வாரி உள்ளே கொட்டும். ஹீட் பம்ப் என்பது அவ்வளவுதான். வெளியே 40 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் வெப்பம் ஏது என்று கேட்பீர்கள். நமக்குத்தான் அது குளிர்; குழாய்க்குள் அதைவிடச் சில்லென்று ஓடும் ரெஃப்ரிஜிரன்ட்டுக்கு அந்தக் காற்றே சூடு. வட இந்தியாவில் 'ஹாட் அண்ட் கோல்ட்' என்று விற்கிறார்களே, அந்த ஏசியும் இதே சாதிதான்.

மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு மூன்று யூனிட் வெப்பத்தை இது கொண்டுவந்து சேர்க்கும். குளிர் கூடக்கூட அந்தக் கணக்கு இறங்கும். அதனால் வீட்டுக்குள் இருந்து காற்றைத் தள்ளும் பெட்டியான ஏர் ஹேண்ட்லரில் துணைக்கு ஒரு ஹீட்டரும் வைத்திருப்பார்கள். அதற்கு ஆக்ஸ் ஹீட் என்று பெயர். டோஸ்டருக்குள் சிவக்கும் கம்பியைப் பெரிதாக்கினால் அதுதான். இதில் ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட்டுக்கான சூடுதான், கொசுறு கிடையாது. 10 கிலோவாட் கம்பி தினம் 10 மணி நேரம் ஓடினால் மாதம் 3,000 யூனிட். யூனிட் 13 சென்ட் என்று போட்டாலும் 390 டாலர். என் பில்லின் ரகசியம் இதுதான்.

உங்களுடையது ஹீட் பம்ப்தானா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, குளிர்காலத்தில் ஹீட் ஓடும்போது வெளி யூனிட்டும் ஓடுகிறதா என்று பார்ப்பது. ஓடினால் ஹீட் பம்ப். பழைய தெர்மோஸ்டாட்டில் 'எமர்ஜென்சி ஹீட்' என்று ஒரு நிலை இருந்தாலும் அதே அர்த்தம். வெளியே ஹீட் பம்ப், உள்ளே கேஸ் ஃபர்னஸ் என்று இரண்டும் சேர்ந்த வீடுகளும் உண்டு. அதை டூயல் ஃபியூயல் என்பார்கள். அங்கே இரண்டும் ஒரே நேரத்தில் ஓடக்கூடாது. அதற்கென்று தனி செட்டிங் வேண்டும். முதல் தடவையாகக் கை வைப்பவர்கள் அந்த வீட்டை ஆளைக் கூப்பிட்டுச் செய்துகொள்வது நல்லது.

வாங்குவதற்கு முன்

புதிதை வாங்குவதற்கு முன்னாலேயே பழையதின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். பெரும்பாலானவை முன்பக்கம் இழுத்தால் கையோடு வந்துவிடும். உள்ளே மெல்லிய பல நிற வயர்கள், ஒவ்வொன்றும் ஓர் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் திருகப்பட்டிருந்தால் சரி, மேலே போகலாம். இது 24 வோல்ட் சமாச்சாரம்.

மூன்று இடங்களில் மட்டும் மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு ஒதுங்கிவிடுங்கள். முதலாவது, தடித்த வயர் இரண்டோ நாலோ, நுனியில் பிளாஸ்டிக் தொப்பி போட்டு முறுக்கியிருந்தால் அது 120 அல்லது 240 வோல்ட். சுவரோரம் வைக்கும் பேஸ்போர்டு ஹீட்டர்களுக்கு அப்படி வரும். சாதாரண தெர்மோஸ்டாட் அதற்கு ஆகாது, கையும் வைக்கக்கூடாது. இரண்டாவது, கேரியர் இன்ஃபினிட்டி, லெனாக்ஸ் ஐகம்ஃபர்ட் மாதிரி தங்களுக்குள் டேட்டா மொழியில் பேசிக்கொள்ளும் அமைப்புகள். நாலே வயர் இருக்கும். ஏ, பி, சி, டி என்றோ ஐ+, ஐ- என்றோ போட்டிருக்கும். கடையில் வாங்கும் தெர்மோஸ்டாட்டுக்கு அந்த மொழி தெரியாது. மூன்றாவது, குழாய் வழியாகக் காற்று போகாமல் அறைச் சுவரில் தொங்கும் மினி ஸ்ப்ளிட். அது அதன் ரிமோட்டோடுதான் வாழும்.

வாடகை வீடு என்றால் ஓனரிடம் ஒரு வார்த்தை எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கடையில் பெட்டியின் பக்கவாட்டில் 'ஹீட் பம்ப்' என்ற சொல்லும், குறைந்தது 2 ஹீட், 1 கூல் என்ற கணக்கும் இருக்கவேண்டும். கம்ப்ரஸர் ஒரு ஹீட், ஆக்ஸ் இன்னொரு ஹீட். வெறும் 1 ஹீட், 1 கூல் என்று போட்ட மலிவுச் சரக்கு வேண்டாம். உங்கள் கம்ப்ரஸர் இரண்டு வேகத்தில் ஓடக்கூடியது என்றால் (பழையதில் ஒய்2 என்று ஒரு வயர் இருக்கும்) 3 ஹீட், 2 கூல் உள்ளதாகப் பாருங்கள். பழைய பொருள் விற்பவர்களிடம் கூகுளின் நெஸ்ட் தெர்மோஸ்டாட் மலிவாகக் கிடைக்கிறது என்று பாயாதீர்கள். முதல் இரண்டு தலைமுறை நெஸ்ட்களுக்கான ஆதரவை கூகுள் 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது. சுவரில் வேலை செய்யும், போனிலிருந்து இயக்க முடியாது. வாங்குவதற்கு முன் உங்கள் மின்சார நிறுவனத்தின் தளத்தையும் ஒரு தடவை பாருங்கள். பலரும் தள்ளுபடி தருகிறார்கள். சிலர் அதற்குப் பதிலாக, கோடை மதியத்தில் உங்கள் வெப்பநிலையைக் கொஞ்சம் ஏற்றி வைக்க அனுமதி கேட்பார்கள். அது உங்களுக்குச் சம்மதமா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

கரண்டை நிறுத்துவது

தேவையான சாமான்கள்: சின்ன ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர், ஒட்டும் டேப், பேனா, பென்சில், போன். மல்டிமீட்டர் இருபது முப்பது டாலருக்குள் வரும், இல்லாமல் இறங்காதீர்கள். வயர் பக்கத்தில் காட்டினால் பீப் அடிக்கும் பேனா டெஸ்டரை நம்பிப் பயனில்லை. 24 வோல்ட்டை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

முதலில் ஹீட்டையோ ஏசியையோ ஓடவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பிரேக்கர் பெட்டிக்குப் போங்கள். ஹீட் பம்ப் வீட்டில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு பிரேக்கர்கள் இருக்கும்: வெளி யூனிட்டுக்கு ஒன்று, உள்ளே இருக்கும் ஏர் ஹேண்ட்லருக்கு ஒன்று. ஹீட்டர் கம்பி இருப்பதால் உள்ளே உள்ளதுதான் பெரும்பாலும் பெரிய பிரேக்கர். இரண்டையும் இறக்குங்கள். தெர்மோஸ்டாட்டுக்கு வரும் 24 வோல்ட், ஏர் ஹேண்ட்லருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிறது. வெளி யூனிட்டை மட்டும் நிறுத்திவிட்டு 'அமைதியாகிவிட்டதே' என்று கை வைத்தால் வயரில் கரண்ட் இருந்துகொண்டுதான் இருக்கும்.

24 வோல்ட் ஆளைக் கொல்லாது. ஆனால் கரண்ட் வரும் ஆர் வயரும் அது திரும்பிப் போகும் சி வயரும் ஒரு நொடி உரசினால் போதும், ஏர் ஹேண்ட்லர் போர்டில் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். ஃபியூஸ் இல்லாத பழைய யூனிட்டாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரே போகும். அதனால் மீட்டரை ஏசி (மாறுமின்) வோல்ட்டில் வைத்து, ஆர் முனைக்கும் சி முனைக்கும் நடுவே அளந்து, பூஜ்யம் என்று பார்த்த பிறகு திருகாணியைத் தொடுங்கள். சி இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டை ஆஃபிலும் விசிறியை ஆட்டோவிலும் வைத்துவிட்டு, ஆருக்கும் விசிறி வயரான ஜிக்கும் நடுவே பாருங்கள்; ஓடும் நிலையில் விட்டால் கரண்ட் இருந்தாலும் அங்கே பூஜ்யம்தான் காட்டும்.

கடுங்குளிர் நாட்களில் வெளி யூனிட்டின் பிரேக்கரை ராத்திரி முழுக்க இறக்கி வைக்கவேண்டாம். கம்ப்ரஸரின் அடியில் எண்ணெயைச் சூடாக வைத்திருக்கும் சின்ன ஹீட்டர் பல யூனிட்களில் உண்டு. அது ஆறிவிட்டால் திரும்பப் போட்டவுடன் ஓடவிடுவது கம்ப்ரஸருக்கு நல்லதில்லை. பகலில், ஒரு மணி நேரத்தில் முடிக்கிற மாதிரி தொடங்குங்கள்.

வயர்களின் எழுத்துகள்

எதையும் கழற்றுவதற்கு முன் போட்டோ. மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, எழுத்துகள் படிக்கிற மாதிரி கிட்டத்தில் ஒன்று. அப்புறம் ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி, அது எந்த எழுத்தில் இருந்தது என்று எழுதுங்கள். பெட்டியோடு வரும் ஸ்டிக்கர் வழுக்கிக்கொண்டு விழும். சாதாரண டேப்பே தேவலை.

நிறத்தை நம்பாதீர்கள். ஓ என்றால் ஆரஞ்சு, ஒய் என்றால் மஞ்சள் என்பதெல்லாம் வழக்கம்தானே தவிர சட்டமில்லை. எங்கள் வீட்டில் நீல வயர் ஓவில் இருந்தது, ஆரஞ்சு வயர் சுவருக்குள் சும்மா சுருண்டு கிடந்தது. வீடு கட்டிய அன்று கையில் அகப்பட்டதை மாட்டியிருக்கிறார்கள். எழுத்துதான் கணக்கு.

ஆர் என்பது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் கரண்ட். ஆர்எச், ஆர்சி என்று இரண்டு முனையாகவும் இருக்கலாம். ஹீட் பம்பில் ஒரே வயர் வந்து, நடுவில் ஒரு சின்னத் துண்டு வயர் இரண்டையும் இணைத்திருக்கும். புதியதில் அந்தத் துண்டு பெரும்பாலும் தேவைப்படாது, உள்ளேயே இணைப்பு உண்டு. சி என்பது கரண்ட் திரும்பிப் போகும் வழி. ஜி என்பது வீட்டுக்குள் காற்றைத் தள்ளும் விசிறி. ஒய் என்பது கம்ப்ரஸர்.

இந்த ஒய்யில்தான் ஃபர்னஸ் வீட்டுக்கும் ஹீட் பம்ப் வீட்டுக்கும் வித்தியாசம். ஃபர்னஸ் வீட்டில் குளிர வைக்க ஒய், சூடாக்க டபிள்யூ, தனித்தனி. ஹீட் பம்பில் குளிர வைக்கவும் ஒய்தான், சூடாக்கவும் ஒய்தான். எந்தப் பக்கம் ஓடுவது என்பதை முடிவு செய்வது ஓ அல்லது பி. ஒய் ஆக்ஸிலேட்டர் என்றால் ஓ ரிவர்ஸ் கியர். வெளி யூனிட்டுக்குள் ரெஃப்ரிஜிரன்ட் போகும் திசையை மாற்றும் வால்வு ஒன்று இருக்கிறது, அதற்குப் போகும் வயர் இது.

ஓ என்றால் குளிர வைக்கும்போது வால்வுக்குக் கரண்ட் போகும். பி என்றால் சூடாக்கும்போது போகும். பெரும்பாலான கம்பெனிகள் ஓ. ரீம், ரூட் இரண்டும் பி. புது தெர்மோஸ்டாட்டில் இரண்டுக்கும் சேர்த்து ஓ/பி என்று ஒரே முனைதான் இருக்கும், எது என்று செட்டிங்கில் சொல்லவேண்டும். பழையதில் அந்த வயர் எந்த எழுத்தில் இருந்தது என்று போட்டோவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில பழைய டிரேன், அமெரிக்கன் ஸ்டாண்டர்டு வீடுகளில் பி என்ற முனை வால்வுக்கானது அல்ல. அதுதான் காமன், அதாவது மற்றவர்களின் சி. ஓவிலும் ஒரு வயர், பியிலும் ஒரு வயர் என்று இரண்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த பியைக் கொண்டுபோய் ஓ/பியில் மாட்டினால் புது தெர்மோஸ்டாட் போட்ட நிமிஷமே புகைந்துவிடலாம். ஏர் ஹேண்ட்லர் மூடியைத் திறந்து, அந்த வயர் போர்டில் எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

டபிள்யூ2 அல்லது ஆக்ஸ் என்பது நம் டோஸ்டர் கம்பி. இ என்பது எமர்ஜென்சி ஹீட். பெரும்பாலும் அதற்கென்று தனி வயர் இருக்காது, டபிள்யூ2விலிருந்து இக்கு ஒரு துண்டு வயர் பாலம் போட்டிருக்கும். அந்தத் துண்டை விட்டுவிட்டு, சுவரிலிருந்து வரும் வயரை மட்டும் புதியதின் ஆக்ஸில் மாட்டவேண்டும். எல் என்று ஒன்று இருந்தால் அது பழுது காட்டும் விளக்குக்கு. புதியதில் இடம் இல்லையென்றால் நுனியில் டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

முனைகளின் பெயரில் கம்பெனிகள் விளையாடுவார்கள். ஈகோபீயில் ஆக்ஸ் வயர் டபிள்யூ1 என்ற முனைக்குப் போகும். ஹனிவெல் டி6 புரோவில் டபிள்யூவும் ஓ/பியும் ஒரே முனை. பழைய வயரில் டபிள்யூ2 என்று எழுதியிருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு டபிள்யூவில் சொருகினால், அங்கே டோஸ்டர் கம்பி வால்வின் வேலையைச் செய்யப் பார்க்கும். உங்கள் மாடலின் கையேட்டில் 'ஹீட் பம்ப்' என்று தலைப்பிட்ட படத்தை மட்டும் பாருங்கள். பக்கத்திலேயே இன்னொரு படம் இருக்கும், அது ஃபர்னஸ்காரர்களுக்கு.

சி வயர் இல்லையென்றால்

வைஃபை தெர்மோஸ்டாட்டுக்கு நாள் முழுக்கக் கரண்ட் வேண்டும், அதற்கு சி வேண்டும். ஹீட் பம்ப் வீடுகளில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். இல்லையென்றால் பழைய பிளேட்டைக் கழற்றி, சுவர்த் துளைக்குள் எட்டிப் பாருங்கள்; யாரும் பயன்படுத்தாத வயர் ஒன்று கேபிளோடு சுருண்டு இருக்கலாம். அதன் மறுமுனை ஏர் ஹேண்ட்லர் பக்கம் இருக்கும். பிரேக்கர் இறக்கிய நிலையில் அங்கே போர்டில் சி முனையில் அதே நிற வயரை மாட்டினால் வேலை முடிந்தது. உபரி வயரே இல்லையென்றால், சுவர் பிளக்கில் சொருகும் 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் விற்கிறார்கள். சுவரில் ஒரு வயர் தொங்குவது பார்க்க நன்றாக இருக்காது. புது எட்டு வயர் கேபிள் இழுக்கச் சொல்வதுதான் நிரந்தரத் தீர்வு. வைஃபை அவசியமில்லை என்றால் பேட்டரியில் ஓடும் ஹீட் பம்ப் தெர்மோஸ்டாட்டே போதும். என் மாமியார் வீட்டில் அதுதான் இருக்கிறது. நிம்மதியாக இருக்கிறார்.

கழற்றி மாட்டுவது

வயர்களைக் கழற்றியவுடன் மொத்தக் கேபிளையும் பென்சிலில் ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள். சுவருக்குள் நழுவி விழுந்தால் மீன்பிடிக்கிற மாதிரி எடுக்கவேண்டிவரும்.

பழைய பிளேட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, மட்டம் பார்த்து, திருகாணிக்கான இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். டிரைவாலில் பிளாஸ்டிக் ஆங்கர் இல்லாமல் திருகாணி நிற்காது. வயர் வரும் துளையைக் கொஞ்சம் புட்டியோ பஞ்சோ வைத்து அடைத்துவிடுங்கள். சுவருக்குள்ளிருந்து வரும் சில்லென்ற காற்று தெர்மோஸ்டாட்டின் முதுகில் பட்டால், வீடு குளிராக இருக்கிறது என்று அது தப்பாகக் கணக்குப் போடும். வயர் நுனியில் செம்பு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தெரிந்தால் போதும், நேராக இருக்கவேண்டும். சொருகியபின் ஒவ்வொன்றையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் இப்போதே வரட்டும்.

செட்டப் கேள்விகள்

முகப்பை மாட்டி, ஏர் ஹேண்ட்லரின் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, இரண்டு பிரேக்கரையும் ஏற்றுங்கள். திரை உயிர் பெற்றதும் கேள்விகள் வரும். பாதிக் கேள்விக்கு எதை அழுத்தினாலும் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். நாலு கேள்விக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.

ஹீட்டிங் வகை: ஹீட் பம்ப். நான் தப்புச் செய்த இடம். 'எங்கள் வீட்டில் கேஸ் இல்லை, எல்லாம் கரண்ட்தான், அப்படியானால் எலக்ட்ரிக்' என்று மூளை குறுக்குவழியில் போகும்.

வால்வு: ஓவா, பியா. சில மாடல்கள் இதையே 'குளிர வைக்கும்போது கரண்டா, சூடாக்கும்போது கரண்டா' என்று கேட்கும். முன்னது ஓ, பின்னது பி.

ஆக்ஸ் ஹீட் எதில் ஓடுகிறது: எலக்ட்ரிக்.

ஆக்ஸ் ஹீட்டுக்கு வெளி வெப்பநிலை வரம்பு: வெளியே இத்தனை டிகிரிக்கு மேல் இருந்தால் டோஸ்டரைத் தொடாதே என்று சொல்லும் செட்டிங். பல தெர்மோஸ்டாட்களில் இது இன்ஸ்டாலர் மெனுவுக்குள் ஒளிந்திருக்கும், தேடிப் பிடியுங்கள். வட கரோலினா மாதிரி இடத்தில் நான் 35 டிகிரி வைத்திருக்கிறேன். வீடு சூடாகத் திணறினால் 40. அதற்கு மேல் ஏற்றவேண்டியிருந்தால் தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டு ஹீட் பம்பைப் பார்க்க ஆளைக் கூப்பிடவேண்டும்.

வெளியே போய்ப் பார்ப்பது

முதலில் விசிறி மட்டும் ஆன். காற்று வரவேண்டும், வெளியே சத்தம் இருக்கக்கூடாது. ஜி சரி.

அடுத்து ஹீட்: அறையின் வெப்பநிலையைவிட 2 டிகிரி கூட வையுங்கள், அதிகம் வேண்டாம். அதிகம் வைத்தால் ஆக்ஸும் சேர்ந்து கிளம்பி உங்களைக் குழப்பும். உடனே ஒன்றும் நடக்காது. கம்ப்ரஸரைக் காப்பாற்ற 5 நிமிடம் வரை தாமதம் உண்டு. அதற்குள் எதையும் நோண்டாதீர்கள். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போங்கள். விசிறி சுற்றுகிறதா? கம்ப்ரஸர் உறுமுகிறதா? யூனிட்டிலிருந்து சுவருக்குள் போகும் இரண்டு செம்புக் குழாய்களில், கறுப்பு உறை போட்ட தடிமனான குழாயின் உறை விட்ட இடத்தைப் புறங்கையால் லேசாகத் தொடுங்கள். ஹீட்டில் அது நன்றாகச் சுட வேண்டும், அதனால் பிடித்துப் பார்க்காதீர்கள். சில்லென்று இருந்தால் ஓ/பி தலைகீழ். உள்ளே வந்து அந்த ஒரு செட்டிங்கை மாற்றுங்கள், வயரைத் தொடவேண்டியதில்லை.

உள்ளே வரும் காற்று வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஹீட் பம்பின் காற்று பெரும்பாலும் 90 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட். நம் உடம்பின் சூடு 98.6. கை வைத்தால் 'இது சூடே இல்லையே' என்று தோன்றும். கேஸ் ஃபர்னஸ் வீட்டிலிருந்து மாறி வந்தவர்கள் இதிலேயே பழுது என்று முடிவு கட்டிவிடுவார்கள். மாறாக, வெளி யூனிட் சும்மா நிற்க, உள்ளே நல்ல சூடான காற்று வந்தால் அதுதான் பிரச்சினை: என் டிசம்பர் மாதம்.

பிறகு கூல். குளிர்காலமாக இருந்தால் இரண்டு நிமிடம் போதும், குளிரில் ஏசியை நெடுநேரம் ஓட்டக்கூடாது. அதே தடித்த குழாய் இப்போது சில்லென்று மாறத் தொடங்கும். கடைசியாக எமர்ஜென்சி ஹீட். வெளி யூனிட் நிற்கவேண்டும், உள்ளே சூடு வரவேண்டும். சரி என்று பார்த்தவுடன் மறக்காமல் சாதாரண ஹீட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

திரையே வரவில்லையென்றால்

பயப்படாமல் பிரேக்கரை இறக்கிவிட்டு ஏர் ஹேண்ட்லரிடம் போங்கள். மூடி சரியாக மூடாவிட்டால் கரண்டை வெட்டும் ஸ்விட்ச் சிலவற்றில் உண்டு. அது சரியென்றால் போர்டில் ஃபியூஸ். காரில் வருவது மாதிரியே பிளாஸ்டிக் பிடி வைத்த குட்டி ஃபியூஸ்தான். ஊதா என்றால் 3 ஆம்பியர், வெளிர் பழுப்பு என்றால் 5. நடுவில் கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியரில் ஒன்று வாங்கிப் போடுங்கள். காரணம் தெரியாமல் இரண்டாவதும் போனால் நிறுத்திக்கொள்ளுங்கள், எங்கேயோ வயர் உரசுகிறது. ஃபியூஸும் நன்றாக இருந்தால் அடியில் இருக்கும் தண்ணீர்த் தட்டைப் பாருங்கள். அதில் நீர் நிறைந்தால் மிதந்து எழும் சின்ன ஸ்விட்ச் முழு அமைப்பையும் நிறுத்திவிடும். நீங்கள் தெர்மோஸ்டாட் மாற்றிய அன்றைக்கே அது நிறைவதும் நடக்கும்.

மாட்டியபின் முதல் குளிர்காலம்

ராத்திரி 60க்கு இறக்கி, காலையில் 70க்கு ஏற்றும் வழக்கம் ஃபர்னஸ் வீட்டுக்கு. ஹீட் பம்பில் காலையில் 10 டிகிரி ஏறவேண்டும் என்றவுடன் தெர்மோஸ்டாட் ஆக்ஸைக் கூப்பிட்டுக்கொள்ளும். ராத்திரி மிச்சம் பிடித்தது காலையில் போய்விடும். இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இறக்காமல், ஒரே சீராக விட்டுவிடுங்கள். நாங்கள் 68 வைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறோம். வெளியே ரொம்பக் குளிர் என்பதற்காக எமர்ஜென்சி ஹீட்டுக்கு மாற்றாதீர்கள். அது கம்ப்ரஸர் பழுதாகி ஆள் வரும்வரை தாக்குப்பிடிக்க மட்டும்.

போன ஜனவரியில் ஒரு காலை, புதிதாக வீடு வாங்கிய நண்பர் ஒருவர் போனில் பதறினார்.

"அண்ணா, நீங்க சொன்ன மாதிரி வெளிய போய்ப் பார்த்தேன். யூனிட்லேருந்து புகை வருது. விசிறி வேற நின்னுபோச்சு. பிரேக்கரை இறக்கட்டுமா?"

"புகை நாத்தம் அடிக்குதா?"

"இல்லண்ணா. வெள்ளையா, இட்லிப் பானையைத் திறந்த மாதிரி."

"ரெண்டு நிமிஷம் போனை வெச்சுக்கிட்டு அங்கயே நில்லுங்க."

நின்றார். உஸ்ஸென்று ஒரு பெருமூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. விசிறி திரும்பச் சுற்றத் தொடங்கியது. வெளிச் சுருளில் படிந்த பனியை உருக்க, ஹீட் பம்ப் அவ்வப்போது சில நிமிடங்கள் தானே திசை மாறி ஏசி மாதிரி ஓடும். உருகிய பனி ஆவியாகப் போகும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் சில்லென்று காற்று வராமலிருக்க ஆக்ஸ் கொஞ்சம் கை கொடுக்கும். திரையில் ஆக்ஸ் என்று வந்து போனாலும் கவலை இல்லை. அரை மணி நேரமாகியும் பனிக்கட்டி உருகாமல் யூனிட்டைச் சுற்றி உறைந்தே நின்றால் அப்போது ஆளைக் கூப்பிடுங்கள்.

கழற்றிய பழையதை உடனே குப்பையில் போடாதீர்கள். போட்டோவை பிரின்ட் எடுத்து அதோடு சேர்த்துப் புதியதின் பெட்டியில் வைத்து, ஆட்டிக்கில் போட்டு வையுங்கள். வீட்டை விற்கும்போது புதியதைக் கழற்றிக்கொண்டு போக ஆசை வரலாம். பழையதைத் திறந்தால் உள்ளே சின்னக் கண்ணாடிக் குமிழில் வெள்ளியாக உருளும் திரவம் தெரிகிறதா? அது பாதரசம். அதை மட்டும் உடையாமல் ஒரு பையில் கட்டி, உங்கள் கவுண்டியின் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.